கிராபிக்ஸ் டிரைவரும் நினைவகப் பிழைகளும்: ஓர் ஆய்வு

யூனிக்ஸ் மரபில் வந்த இயக்க முறைமைகளை, அதாவது லினக்ஸையும் பிரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்ற பெர்க்லி வழித்தோன்றல்களையும், அன்றாட அலுவலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் சந்திக்கும் இடையூறுகளுள், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று கிராபிக்ஸ் டிரைவர் அறிவித்துவிட்டுத் திரையைக் கைவிடுவதைப் போல் மனத்தைக் குழப்புவது பிறிதொன்றில்லை. கணினியில் 16 ஜிகாபைட் ரேம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் காலியாக இருப்பதாக முறைமையே சொல்லும். ஆயினும் ஒரு சில மெகாபைட் கேட்ட டிரைவருக்கு அது மறுக்கப்பட்டதாகக் கெர்னலின் பதிவில் ஒரு வரி காணப்படும். இதைக் கண்டவர்களில் ஒரு சாரார் புதிய ரேம் வாங்கப் புறப்படுகிறார்கள். மற்றொரு சாரார் கார்டு பழுதாகிவிட்டதென்று முடிவு கட்டுகிறார்கள். மூன்றாம் சாரார் டிரைவரை எழுதியவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு அமைதி அடைகிறார்கள். இம்மூன்று அபிப்பிராயங்களுக்கும் சிற்சில சந்தர்ப்பங்களில் ஆதாரம் உண்டு. ஆனால் எந்த நினைவகம் கேட்கப்பட்டது, அதைக் கேட்டது எது, மறுத்தது எது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் அவற்றுள் ஒன்றை ஏற்றுக்கொள்வது நியாயமாகாது என்பதே நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

பூர்வ வரலாறு

இந்த இடர்ப்பாட்டின் வேர் யூனிக்ஸின் பிறப்பிலேயே இருக்கிறது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அதற்கு அடிகோலியபோது, மனிதனும் இயந்திரமும் உரையாடிய முக்கியச் சாதனம் காகிதத்தில் எழுத்துகளைப் பொறிக்கும் டெலிடைப்பே. ஆகையால் வட்டுக்கும் நாடாவுக்கும் கெர்னலுக்குள் திட்டமான ஸ்தானம் வகுத்த அவர்களுக்கு, படம் வரையும் சாதனத்தின் நினைவகத்துக்கு இடம் வகுக்கவேண்டிய அவசியமே எழவில்லை. 1984-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் சாளர முறைமையைத் தொடங்கி, 1987-இல் அதன் பதினொன்றாம் பதிப்பு வெளிவந்து எங்கும் பரவிய பின்னரும், பெர்சனல் கம்ப்யூட்டர்களில் இந்நிலை பெரிதும் மாறவில்லை. எக்ஸ் சர்வர் என்னும் ஒரு நிரல் ரூட் அதிகாரத்தைப் பெற்றுக்கொண்டு, கெர்னலின் மேற்பார்வை பெரும்பாலும் இல்லாமலே, கார்டின் ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் நேரே தொட்டு ஆண்டுவந்தது.

1997-இல் ஏஜிபி இணைப்புடன் கூடிய சிப்செட்டுகள் சந்தைக்கு வந்தபோது ஒரு புதிய ஏற்பாடு தோன்றிற்று. ரேமில் அங்கங்கே கிடக்கும் 4 கிலோபைட் பக்கங்களைக் கார்டுக்கு ஒரே தொடராகத் தோன்றச்செய்யும் முகவரி மாற்று அட்டவணை ஒன்று வன்பொருளிலேயே அமைந்ததால், கணினியின் பொது நினைவகமும் கிராபிக்ஸின் உபயோகத்துக்கு வந்தது. அந்த அட்டவணையைப் பயனர் நிரல் ஒன்றின் கையில் விட்டுவிட்டால் முறைமை முழுவதன் பாதுகாப்பும் குலையுமாதலால், கெர்னல் இதில் தலையிட வேண்டியதாயிற்று. எக்ஸ் சர்வரின் ஒரு வடிவமான எக்ஸ்பிரீ86-இன், 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த நான்காம் பதிப்பு, நேரடி வரைதலுக்கான அமைப்பைக் கெர்னலின் துணையோடு கொண்டுவந்தது. எனினும் கார்டின் நினைவகம், திரைக்கு இவ்வளவு, ஆழத் தகவலுக்கு இவ்வளவு, டெக்ஸ்சர்களுக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே பாகம் பிரிக்கப்பட்டுவிடும்; பிற்பாடு தேவை மாறினாலும் பங்கு மாறாது.

இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது 2008-ஆம் ஆண்டின் டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28. இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய கீத் பாக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் வகுத்த ஜெம் என்னும் நினைவக நிர்வாகம் அதில் இடம்பெற்றது. மறு ஆண்டில், டங்ஸ்டன் கிராபிக்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய டிடிஎம் என்னும் மற்றொரு நிர்வாகம் 2.6.31-இல் சேர்ந்தது. முன்னது பொது ரேமையே நம்பியிருக்கும் இன்டெல் சில்லுகளுக்கும், பின்னது தனி நினைவகம் உடைய ரேடியான் போன்ற கார்டுகளுக்கும் இயல்பாகப் பொருந்தின. இவ்வேலையின் பலன் பெர்க்லி மரபுக்கும் சென்றது: இன்டெல் டிரைவர் 2012-இல் பிரீபிஎஸ்டி 9.1-க்கும், 2013-இல் ஓப்பன்பிஎஸ்டி 5.4-க்கும் வந்து சேர்ந்தது. லினக்ஸின் டிரைவர்களை ஓர் ஒப்புமை அடுக்கின்மேல் நிறுத்தி இயக்குவதே இன்று பிரீபிஎஸ்டி பின்பற்றும் வழி.

இவ்வரலாற்றை நான் எடுத்துரைப்பதற்குப் பிரத்தியட்சமான பிரயோஜனம் ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டில் பிழையின் தடயம் எக்ஸ் சர்வரின் லாக் கோப்பில் கிடைக்கும். புதிய ஏற்பாட்டில் அதே தடயம் டீமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் கிடைக்கும். பழைய கட்டுரைகளில் படித்த பரிகாரங்களை இன்றைய முறைமையில் பிரயோகிக்கிறவர்கள் பலன் காணாமல் சோர்வதற்குக் காரணம், நினைவகத்தின் நிர்வாகம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறிவிட்டதை அவர்கள் கவனியாமைதான்.

நினைவகங்கள் எத்தனை?

கிராபிக்ஸ் டிரைவர் கையாளும் நினைவகம் ஒன்றல்ல. முதலாவது, தனிக் கார்டின் மேலேயே பதிக்கப்பட்டிருக்கும் வீடியோ நினைவகம். இரண்டாவது, முகவரி மாற்று அட்டவணையின் வழியாகக் கார்டு எட்டிப் பார்க்கும் பொது ரேம். மூன்றாவது, சிபியுவுடன் இணைந்த கிராபிக்ஸ் சில்லுகளுக்காக, கணினி உயிர்பெறும்போதே பயோஸ் ரேமிலிருந்து ஒதுக்கி மறைத்துவைக்கும் பகுதி. இம்மூன்றும் பௌதிகமான இடங்கள்.

இவற்றுக்கு அப்பால், இடமென்று சொல்ல முடியாத, ஆனால் தீர்ந்துபோகக்கூடிய வேறு சில உண்டு. கார்டின் நினைவகத்தைச் சிபியு பார்ப்பதற்கு முகவரிகள் வேண்டும்; அம்முகவரிப் பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. சில சாதனங்களுக்குப் பக்கங்கள் சிதறாமல் தொடர்ச்சியாக வேண்டும். அத்தொடர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு நிரலும் எத்தனை நினைவகத் துண்டுகளை வைத்துக்கொள்ளலாம், மொத்தம் எவ்வளவு வாங்கலாம் என்ற நிர்வாக வரம்புகளும் உண்டு. இவற்றுள் எது தீர்ந்தாலும், யூனிக்ஸ் மரபின் கெர்னல் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: பன்னிரண்டாம் எண் பிழை. லினக்ஸ் டிரைவர்களின் பதிவுகளில் அது -12 என்று குறைக்குறியோடு காட்சியளிக்கும். ஒரே எண் இத்தனை வேறுபட்ட பற்றாக்குறைகளுக்கும் பொதுவாக இருப்பதே குழப்பத்தின் மூலகாரணம். ஆகவே அந்த எண்ணோடு நின்றுவிடாமல், அதைச் சூழ்ந்த எண்களையும் படிக்கவேண்டும்.

தொடர்ச்சி என்னும் பற்றாக்குறை

இதற்கு ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில், திரை திடீரென்று உறைந்து, கெர்னல் பதிவில் தொடர் நினைவக ஒதுக்கீடு தோல்வியுற்றது, கேட்ட அளவு 2025 பக்கங்கள், விடை -12 என்ற பொருள்பட ஒரு வரி காணப்படுவதுண்டு. 2025 என்பது எங்கிருந்து வந்தது? திரையின் அகலம் 1920 புள்ளி, உயரம் 1080 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட். பெருக்கினால் 82,94,400 பைட். அதை ஒரு பக்கத்தின் அளவான 4096-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 2025 வருகிறது. ஆகவே மறுக்கப்பட்டது ஏதோ இனந்தெரியாத ஒன்றல்ல. ஒரு முழுத் திரைப் படத்துக்கான இடம். கேட்டது எது என்ற வினாவுக்கு அந்த ஒற்றை எண்ணே விடை சொல்லிவிடுகிறது.

மறுக்கப்பட்டது ஏன்? பை 3 வரையிலான பலகைகளில் உள்ள வீடியோகோர் 4 சில்லுக்கும் ரேமுக்கும் இடையில், முன்னே சொன்ன முகவரி மாற்று அட்டவணையைப் போன்ற சாதனம் இல்லாமையால், திரைக்குரிய 2025 பக்கங்களும் பௌதிகமாகவே அடுத்தடுத்து இருந்தாகவேண்டும். இதற்கென்றே 2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.5 முதல், தொடர் நினைவகத்துக்குத் தனிப் பகுதி ஒன்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு உண்டு. நாளடைவில் அப்பகுதியில் சிறியவும் பெரியவுமான ஒதுக்கீடுகள் வந்துபோய், மொத்தத்தில் இடம் இருந்தும் ஒரே வீச்சில் 2025 பக்கம் கிடைக்காத நிலை நேர்கிறது. பாகப்பிரிவினைகளுக்குப் பின் ஊரின் எட்டுத் திசையிலும் சென்ட் கணக்கில் நிலம் வைத்திருப்பவர், பட்டாக்களைக் கூட்டினால் ஐந்து ஏக்கருக்கு உரியவர்தாம் என்றாலும், சேர்ந்தாற்போல் ஓர் ஏக்கர் நட வழியில்லாமல் நிற்பதைப் போன்றது இது. இங்கே ரேமை மிகுதியாக்குவது பரிகாரமாகாது. தொடர் பகுதியின் அளவை உயர்த்துவதோ, திரையின் அளவைக் குறைப்பதோதான் பரிகாரம். 3840-க்கு 2160 புள்ளி கொண்ட திரையை மாட்டினால், ஒரு படத்துக்கு 8100 பக்கங்கள், அதாவது நான்கு மடங்கு தேவைப்படும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

பெரிய கணினிகளிலும் இதே வியாதி மிதமான உருவத்தில் உண்டு. கெர்னல் தன் பக்கங்களை இரண்டின் அடுக்குகளாகக் கட்டிவைக்கிறது; எந்த அடுக்கில் எத்தனை கட்டுகள் மிஞ்சியிருக்கின்றன என்பதை லினக்ஸின் ப்ராக் கோப்புத் தொகுதியில் பட்டியலாகவே காணலாம். பல நாட்கள் நிறுத்தாமல் ஓடிய கணினியில் சிறு கட்டுகள் ஏராளமாகவும் பெருங்கட்டுகள் பூஜ்யமாகவும் இருக்குமானால், பிழை நேர்ந்த தருணத்தில் அப்பட்டியலை எடுத்துவைப்பது பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

முகவரியும் வரம்பும்

முகவரிப் பற்றாக்குறையின் பழைய உருவம், 32 பிட் லினக்ஸில் காணப்பட்டது. வழக்கமான அமைப்பில் அதன் கெர்னலுக்குக் கிடைத்த முகவரிப் பரப்பு ஒரு ஜிகாபைட். அதில் 896 மெகாபைட் ரேமை நேரே பார்ப்பதற்குச் சென்றுவிட, எஞ்சிய 128 மெகாபைட்டே கார்டின் நினைவகம் உட்பட மற்றவை யாவற்றுக்கும் பொதுவாக மிஞ்சியது. 256 மெகாபைட் பரப்பைக் காட்டும் கார்டு ஒன்றை அதில் பொருத்திய டிரைவர் தடுமாறியதில் வியப்பில்லை. தொடக்கக் கட்டளையில் அப்பகுதியை அகலப்படுத்துமாறு பிழைச் செய்தியே யோசனை சொல்லியும், அதைப் படியாமல் கார்டை மாற்றியவர்கள் உண்டு.

64 பிட் யுகத்தில் இது ஒழிந்ததாயினும், வேறோர் உருவம் நிலைபெற்றிருக்கிறது. கணினி உயிர்பெறும்போது ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் முகவரி ஜன்னல் ஒன்றைப் பயோஸ் ஒதுக்குகிறது. பயோஸ் 4 ஜிகாபைட்டுக்குக் கீழேயே எல்லாவற்றையும் அடக்க முயன்றால், பெரிய ஜன்னல் கேட்கும் கார்டுக்கு இடமில்லாமல் போகும். அப்போது கெர்னல் பதிவில், இத்தனையாம் ஜன்னலுக்கு இடமில்லை என்ற வரி, டிரைவர் ஏற்றப்படுவதற்கு முன்பே தோன்றிவிடும். டிரைவரின் புலம்பல் அதற்குப் பின்னால், வேறு சொற்களில் வருவதால், முதல் வரி கவனிக்கப்படாமல் போகிறது. நாலு ஜிகாபைட்டுக்கு மேலான முகவரிகளை அனுமதிக்கும் அமைப்பைப் பயோஸில் மாற்றினால் தீரக்கூடிய இக்குறைக்காக டிரைவரைப் பல முறை நீக்கி நிறுவுவது வீண் சிரமம்.

நிர்வாக வரம்புகளின் விசேஷமோ இன்னும் நுட்பமானது. லினக்ஸில் ஒரு நிரல் வைத்துக்கொள்ளக்கூடிய நினைவகத் துண்டுகளின் எண்ணிக்கைக்கு நெடுங்காலமாக 65,530 என்ற எல்லை இருந்துவருகிறது. விண்டோஸ் விளையாட்டுகளை ஒயின் என்னும் நிரலின் உதவியால் லினக்ஸில் இயக்கும்போது, பல்லாயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கேட்கும் நிரல் அந்த எல்லையைத் தொட்டதும், எத்தனை ஜிகாபைட் காலியாக இருந்தாலும் கெர்னல் பன்னிரண்டாம் எண் பிழையையே திருப்பித் தரும். 2023-இல் வந்த ஃபெடோரா 39 என்னும் லினக்ஸ் வெளியீடு இந்த எல்லையை 10,48,576 ஆக உயர்த்தியது இதை உணர்ந்துதான். ஓப்பன்பிஎஸ்டியிலோ, பயனர் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் தரவு அளவின் வரம்பு லாகின் அமைப்புக் கோப்பில் விதிக்கப்பட்டிருக்கிறது. ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை மொழிபெயர்க்கும் மேசா நூலகம் பயனரின் நிரலுக்குள்ளேயே அமர்ந்து வேலை செய்வதால், அந்நிரலின் வரம்பு அதற்கும் பொருந்தும். அங்கே மறுத்தது டிரைவரும் அன்று, கார்டும் அன்று. ஒரு கோப்பில் எழுதப்பட்ட ஓர் எண்.

உறக்கத்தில் நேரும் தோல்வி

காலத்தின் வரிசையே காரணமாகும் பிழைகளும் உண்டு. மடிக்கணினியை மூடும்போது நேரும் தோல்வி இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். கணினி உறங்கும்போது தனிக் கார்டின் மின்சாரம் நிறுத்தப்படுவதால், வீடியோ நினைவகத்தில் உள்ள யாவும் அழியும். ஆகவே உறங்குமுன் அவற்றையெல்லாம் பொது ரேமுக்குக் குடிபெயர்க்க வேண்டியது டிரைவரின் கடமை. கார்டில் 8 ஜிகாபைட் நிரம்பியிருந்து, ரேமில் 3 ஜிகாபைட்டே காலியாக இருந்தால், ரேமில் உள்ளவற்றில் ஒரு பகுதியை வட்டில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு நகர்த்தித்தான் இடம் உண்டாக்க முடியும். ஆனால் குடிபெயர்ப்பு தொடங்கும் தருணத்தில் வட்டே உறங்கத் தொடங்கிவிட்டிருந்தால் அதற்கும் வழியில்லை. கார்டின் உள்ளடக்கத்தை வெளியேற்ற முடியவில்லை, உறக்கம் -12 பிழையோடு தோற்றது என்று ஏஎம்டி கார்டுகளின் பதிவுகளில் காணப்பட்டது இதன் விளைவே. குடிபெயர்ப்பை மற்றச் சாதனங்கள் உறங்குவதற்கு முந்திய கட்டத்துக்கு நகர்த்தியதே, அண்மைக் காலக் கெர்னல்களில் இதற்குச் செய்யப்பட்ட பரிகாரம். நினைவகத்தின் அளவை மாத்திரம் பார்த்து, எப்போது கேட்கப்பட்டது என்பதைப் பாராதவர்களுக்கு இது என்றும் விளங்காது.

வன்பொருளின் பங்கு

இனி, கார்டே பழுது என்னும் அபிப்பிராயத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், ஃபோல்டிங் அட் ஹோம் என்னும் கூட்டுக் கணிப்புத் திட்டத்தின் வழியே 20,000-க்கு மேற்பட்ட கணினிகளில் நடத்தப்பெற்று, 2010-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்கு முக்கியமான ஆதாரம். சோதிக்கப்பட்ட கார்டுகளில் மூன்றில் இரு பங்கு, நினைவகத்தில் எழுதியதைச் சில வேளைகளில் மாற்றிப் படித்தன என்று அது கண்டது. விளையாட்டுக் கார்டுகளின் நினைவகத்தில் பிழை திருத்தும் ஏற்பாடு இல்லாததன் விளைவை அளந்து காட்டிய ஆராய்ச்சி அது. அதே 2010-இல் என்விடியா நிறுவனம் ஃபெர்மி வரிசையில் கணிப்புப் பணிக்கான தன் கார்டுகளுக்குப் பிழை திருத்தும் வசதியைக் கொணர்ந்தது.

இருந்தபோதிலும், பிட் ஒன்று மாறிப்போவது வேறு, நினைவகம் மறுக்கப்படுவது வேறு. முன்னதன் அடையாளம் திரையில் தாறுமாறான புள்ளிகளும் கோடுகளும். பின்னதன் அடையாளம் பதிவில் தெளிவான மறுப்பு. திரையில் கோடுகள் தெரியும்போது செய்யத்தக்க எளிய பரிசோதனை ஒன்று உண்டு: திரையை அப்படியே படக் கோப்பாகச் சேமித்து, அதை வேறு கணினியில் திறந்து பார்ப்பது. கோடுகள் கோப்பிலும் இருந்தால், படம் நினைவகத்தில் உருவாகும்போதே கெட்டிருக்கிறது. கோப்பு சுத்தமாக இருந்தால், படம் உருவான பிறகு, திரைக்குச் செல்லும் வழியில் கெட்டிருக்கிறது. அப்போது கேபிளையும் திரையையுமே முதலில் சந்தேகிக்க வேண்டும். இயக்க முறைமை ஏறுவதற்கு முன், பயோஸ் திரையிலேயே கோடுகள் தென்பட்டால், டிரைவரின்மேல் குற்றம் சாட்ட இடமே இல்லை.

என்விடியா டிரைவர் கெர்னல் பதிவில் இடும் எக்ஸ்ஐடி எண்களும் இப்பாகுபாட்டுக்கு உதவுகின்றன. 31 என்பது, தனக்குரியதல்லாத முகவரியைக் கார்டு தொட முயன்றதைக் குறிக்கும். அது பெரும்பாலும் நிரலின் பிழை. 48 என்பது, திருத்த முடியாத இரட்டை பிட் பிழை. அது வன்பொருளின் பிழை. 79 என்பது, கார்டு இணைப்பிலிருந்தே மறைந்துவிட்டதைக் குறிக்கும்; அங்கே மின் வழங்கியையும் வெப்பத்தையும் கார்டு செருகிய இடத்தையும் பார்க்கவேண்டும். சிபியுவுடன் இணைந்த கிராபிக்ஸாயின், அது பொது ரேமையே உபயோகிப்பதால், மெம்டெஸ்ட் போன்ற சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுவது பொருத்தம். தனிக் கார்டின் நினைவகத்தை அச்சோதனை தொடுவதேயில்லை என்பதை மறத்தல் கூடாது.

டிரைவரின் பங்கு

டிரைவரின் குற்றங்கள் இரு வகைப்படும்: வாங்கியதைத் திருப்பித் தராமை ஒன்று, திருப்பித் தந்ததை மீண்டும் தொடுதல் மற்றொன்று. முதல் வகையான கசிவைக் கண்டுபிடிப்பதில் தனித்த இடர் உண்டு. கிராபிக்ஸ் நினைவகம் கெர்னலின் கணக்கில் வாங்கப்படுவதால், நிரல்களின் நினைவகத்தைக் காட்டும் சாதாரணப் பட்டியல்களில் அது உரியவரின் பெயரில் முழுமையாக ஏறுவதில்லை. எல்லா நிரல்களின் கணக்கையும் கூட்டினாலும் பல ஜிகாபைட் குறைவாக வருமானால், சந்தேகம் இங்கேதான் விழவேண்டும். எக்ஸ் சர்வரிடம் ஒவ்வொரு நிரலும் வைத்திருக்கும் படங்களின் அளவை எக்ஸ்ரெஸ்டாப் என்னும் நிரல் காட்டும். புதிய லினக்ஸ் கெர்னல்களில், ப்ராக் தொகுதிக்குள் ஒவ்வொரு நிரலின் கோப்பு விவரத்திலும் அது வைத்திருக்கும் கிராபிக்ஸ் நினைவகத்தின் அளவு தனியே கிடைக்கும். ஒரு முறை பார்த்தால் போதாது. மணிக்கொரு முறை குறித்து, ஏறுமுகமாகவே இருக்கிறதா, ஓர் அளவில் நிலைக்கிறதா என்று பார்த்தாலன்றி, கசிவையும் நியாயமான சேமிப்பையும் பிரித்தறிய முடியாது.

இரண்டாம் வகை ஆபத்தானது. ஏனெனில் பாவம் ஓரிடமும் பழி ஓரிடமுமாக, கார்டு தவறாக எழுதிய பக்கம் வேறொரு நிரலுக்கு உரியதாக இருந்தால், வீழ்வது அந்நிரலே. சாதனங்கள் எந்தப் பக்கத்தைத் தொடலாம் என்பதைக் கண்காணிக்கும் ஐஓஎம்எம்யூ என்னும் வன்பொருளை இயங்கச் செய்தால், அத்துமீறிய சாதனத்தின் எண்ணும் முகவரியும் பதிவில் விழும். அதைத் தொல்லையென்று அணைத்துவிடும்படி கூறும் யோசனையை ஏற்கலாகாது. பிழை நீங்காமல் அதன் தடயம் மாத்திரம் நீங்கும்.

நேற்று நன்றாக இருந்த கணினி கெர்னலைப் புதுப்பித்தபின் கெட்டதென்றால், பழைய கெர்னலுக்குத் திரும்பிப் பார்ப்பதே முதற் சோதனை. பழையதில் குறை இல்லையெனில், இரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றங்களை நடுவில் பிளந்து பிளந்து தேடும், கிட் என்னும் பதிப்பு நிர்வாக நிரலின் பைசெக்ட் முறை இருக்கிறது. இடையில் 16,000 மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளியான மாற்றம் அகப்பட்டுவிடும். டிரைவர் மூடிய நிரலாக இருப்பின் இந்த வழி அடைபடுகிறது என்பதே, திறந்த டிரைவர்களை நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம்.

ஆராயும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் ஆராய்ச்சியின் ஒழுங்கு தானே புலப்படும். முதலில், எதையும் மாற்றுவதற்கு முன், கெர்னல் பதிவு முழுவதையும் கோப்பில் சேமித்துக்கொள்ள வேண்டும். கணினியை மறுபடி தொடங்கினால் பலவிடங்களில் அது அழிந்துபோகும். அடுத்து, கடைசி வரியிலிருந்து அல்ல, முதல் வரியிலிருந்து படித்து, கிராபிக்ஸைப் பற்றிய முதற் குறை எங்கே தொடங்கியதென்று குறிக்கவேண்டும். மூன்றாவது, மறுக்கப்பட்ட அளவை எடுத்துக்கொண்டு, அது திரையின் அளவோடோ, கார்டின் ஜன்னலோடோ, ஏதேனும் ஒரு வரம்போடோ ஒத்துப்போகிறதா என்று கணக்கிட வேண்டும். நான்காவது, கார்டையே விலக்கிவிட்டு, சிபியுவைக் கொண்டே படம் வரையச் செய்து அதே நிரலை ஓட்டிப் பார்க்கவேண்டும். மேசா நூலகத்தில் இதற்கு ஒரு சூழல் மாறி போதும். அப்போதும் பிழை நீடித்தால் குறை நிரலிலோ வரம்பிலோ இருக்கிறது. நீங்கினால் டிரைவரிலோ கார்டிலோ இருக்கிறது. ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தொடக்கக் கட்டளையில் நோமோட்செட் என்று சேர்த்துவிடுமாறு அடிக்கடி உபதேசிக்கப்படுகிறது. கெர்னலின் கிராபிக்ஸ் டிரைவரை ஓரங்கட்டிவிட்டு, பயோஸ் தந்த எளிய திரையோடு திருப்தியடைய வைக்கும் சொல் அது. இருண்டுபோன கணினிக்குள் நுழைவதற்கும், டிரைவர் இல்லாமல் குறை நீங்குகிறதா என்று அறிவதற்கும் அது நல்ல கருவி. நிரந்தரமாக வைத்துக்கொள்ளத்தக்க பரிகாரம் அன்று.

தீராத வினாக்கள்

இன்னும் முடிவாகாத விவகாரங்கள் சில உள்ளன. பொது ரேம் தீர்ந்தால், எந்த நிரலைப் பலியிடுவது என்று தீர்மானிக்கும் நடைமுறை கெர்னலுக்கு நெடுங்காலமாக உண்டு. வீடியோ நினைவகம் தீர்ந்தால் என்ன செய்வதென்பதில் அத்தகைய பொது நீதி இன்னும் முழுமை பெறவில்லை. பெரும்பாலும் ஒருவருடைய பக்கங்களை ரேமுக்குத் தள்ளி மற்றவருக்கு இடம் தருகிறார்கள். இதனால் பிழை தவிர்க்கப்பட்டாலும் வேகம் குன்றுகிறது, யாருடைய பேராசையால் குன்றிற்று என்பதும் தெரிவதில்லை. 2025-இல் வந்த லினக்ஸ் 6.14, கார்டின் நினைவகத்தைக் குழுக்களுக்குப் பங்கிட்டு வரம்பு விதிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்திருப்பது இத்திசையில் வரவேற்கத்தக்க முன்னேற்றம்.

ஆயினும் எல்லாவற்றிலும் அவசரமானதாக எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. புதிய பயனர் ஒருவர் வீணாகப் பணம் செலவிட்டு ரேம் வாங்குவதும், நல்ல கார்டைத் தூக்கி எறிவதும், உழைப்பை இலவசமாக ஈந்த டிரைவர் ஆசிரியர்களை நிந்திப்பதும், அவருடைய அறியாமையால் மட்டும் நேர்வன அல்ல. பிழைச் செய்தி அவருக்கு உண்மையைப் பாதியாகச் சொல்வதாலும் நேர்வன. டிரைவரோ கெர்னலோ நினைவகத்தை மறுக்கும் ஒவ்வோர் இடத்திலும், எந்த வகை நினைவகம், எவ்வளவு கேட்கப்பட்டது, எந்த எல்லை தடுத்தது என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதுவது பெருஞ்சிரமமான காரியம் அன்று. தொடர் நினைவக ஒதுக்கீட்டின் செய்தி, அளவை எழுதியதனால்தான் 2025 என்ற எண்ணிலிருந்து திரை வரைக்கும் நம்மால் போக முடிந்தது. அந்த ஒழுங்கு எல்லா டிரைவர்களுக்கும் பொதுவாகுமானால், இன்று வல்லுநரின் துணையின்றித் தீராத சிக்கல்களில் பெரும்பகுதியைச் சாதாரணப் பயனரே தம் அறிவைக்கொண்டு தீர்த்துக்கொள்வார். முறைமையின் உள்ளே நடப்பதைப் பயனர் பார்க்கலாம் என்பது யூனிக்ஸ் மரபு நெடுங்காலமாக அளித்துவரும் உரிமை. பார்த்தது விளங்கும்படி எழுதுவது, டிரைவர் எழுதுகிறவர்கள் அம்மரபுக்குச் செய்யவேண்டிய கடமை.